கேன் தண்ணீரா, ஆர்ஓவா, மெட்ரோ தண்ணீரைக் கொதிக்க வைப்பதா? வீட்டில் மூன்று கட்சி, யாராவது தீர்ப்பு சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி | ஞாயிறு, காலை 8:40

வணக்கம். வேளச்சேரியில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடி, இரண்டாம் தளம். வீட்டில் நான்கு பேர், அதில் ஒருவனுக்கு நாலு வயது. எட்டு வருடமாகக் கேன் தண்ணீர்தான். வாரம் இரண்டு கேன், ஒன்று 40 ரூபாய்.

போன மாதம் பையனுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு. டாக்டர் முதலில் கேட்டதே "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்றுதான். கேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மேசையில் ஒருமுறை தட்டினார். அந்தத் தட்டல்தான் வீட்டில் இப்போது நடக்கும் சண்டைக்குக் காரணம்.

நான் ஆர்ஓ கட்சி, அதாவது உப்பை வடிகட்டும் மெஷின். மனைவி கேன் கட்சி, ஆனால் போடுகிற ஆளை மாற்ற வேண்டும் என்கிறார். மாமியார், "மெட்ரோ தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடுத்துத்தான் மூணு பிள்ளைங்களை வளர்த்தேன், உங்களுக்கெல்லாம் அடுப்பு பத்த வைக்கச் சோம்பல்" என்கிறார்.

எங்கள் சம்ப் கதையையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியக் குழாயில் வருவது), லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் தரைக்கடியில் இருக்கும் ஒரே தொட்டியில், அதாவது சம்பில்தான் விழும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை ஆன்லைனில் வாங்கிப் பார்த்தேன். சமையலறைக் குழாய் 1180. கேட் பக்கத்தில் மெட்ரோ லைனில் நேராக இருக்கும் குழாய் 390. கேன் 42. எண்ணைப் பார்த்தால் கேன்தானே ஜெயிக்கிறது?

இதற்கு நடுவில் ஆர்ஓ விற்க ஒருவர் வந்தார். இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பி மாதிரி ஒரு கருவியை வைத்து கரண்ட் கொடுத்தார். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரே நிமிடத்தில் சாக்கடை மாதிரி பழுப்பாகி நுரைத்தது. அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

எல்லாம்_வியாபாரம் | ஞாயிறு, காலை 8:55

எல்லாம் வியாபாரம். செம்புக் குடம் வாங்கி வையுங்கள். முடிந்தது விஷயம்.

லேப்_அக்கா | ஞாயிறு, காலை 10:20

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. அந்தக் கருவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

அதில் இருக்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை, அந்தக் கம்பியிலிருந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, கம்பியும் அவ்வளவாகக் கரையாது, தண்ணீர் தெளிவாக நிற்கும். அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். அவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

டிடிஎஸ் மீட்டரும் ஏறக்குறைய அதே விஷயத்தைத்தான் அளக்கிறது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை வைத்து உப்பின் அளவைக் கணக்குப் போடுகிறது. கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் அதில் சேரும். கிருமி சேராது. 42 காட்டும் கேனில் காலராக் கிருமி மிதந்தாலும் மீட்டர் 42 என்றுதான் காட்டும். பையனுக்கு வயிற்றுப்போக்கு என்கிறீர்கள். அதற்கும் டிடிஎஸ்ஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

இந்தியக் குடிநீர்த் தர விதி ஐஎஸ் 10500. அதன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கேட் குழாய் 390. உப்பைப் பொறுத்தவரை அதற்கு ஆர்ஓ தேவையே இல்லை.

வேளச்சேரிவாசி | ஞாயிறு, காலை 10:48

மேடம், அந்தக் கம்பி விஷயத்தைப் படித்துவிட்டு மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அப்படியென்றால் கேனில்தான் கிருமி என்று வைத்துக்கொள்ளலாமா? போடுகிற பையனிடம் நேற்றே கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன்.

லேப்_அக்கா | ஞாயிறு, காலை 11:02

சோதிக்காமல் யாரையும் திட்டாதீர்கள். முதலில் மாதிரி எடுங்கள். எப்படி என்று மாலையில் எழுதுகிறேன், சாம்பார் கொதிக்கிறது.

சிறுவாணிக்காரன் | ஞாயிறு, காலை 11:30

கோயமுத்தூரிலிருந்து எழுதுகிறேனுங்க. எங்க வீட்டில் குழாயைத் திறந்தால் சிறுவாணி. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம், முதலாவது எது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அணை என்னவோ கேரளப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, பெருமை மட்டும் எங்களுடையது.

ஆனால் ஒன்று. என் தங்கை இதே ஊரில் வேறு பகுதியில் இருக்கிறாள். அங்கே வருவது பில்லூர்த் தண்ணீர், அதுவும் சில நாளுக்கு ஒரு முறை. அவள் கேன் போடுகிறாள். நான் கேலி செய்தால், "உனக்குக் குழாய் இருக்குது, பேசற" என்கிறாள்.

கேன்_அண்ணன் | ஞாயிறு, பகல் 1:15

குன்றத்தூர்ப் பக்கம் எட்டு வருடம் கேன் பிளான்ட் நடத்தினேன். இப்போது விட்டுவிட்டேன், அதனால் உண்மையைச் சொல்வதில் நஷ்டமில்லை.

ஒழுங்காக நடக்கும் பிளான்ட்டில் தண்ணீர் மோசமாக இருக்க வாய்ப்பு குறைவு. போர் தண்ணீர் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மைக்ரான் ஃபில்டர் தாண்டி ஆர்ஓ மெம்பரேனுக்குப் போகும். அப்புறம் கிருமியைக் கொல்ல யூவி ஒளி, ஓசோன், பிறகுதான் கேனில் நிரப்புவோம். மெஷினைத் தாண்டி வரும் தண்ணீரை நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். பிரச்சினை கேனில்.

அந்த 20 லிட்டர் கேன் யாருடையது? யாருடையதும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து எடுக்கும் காலிக் கேன் எங்கள் பிளான்ட்டுக்கே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, ஏஜென்ட் வண்டியில் ஐந்து கம்பெனிக் கேன்களும் கலந்து கிடக்கும். சில வீட்டில் அதில் பினாயில் ஊற்றி வைத்திருப்பார்கள். சிலர் கட்டட வேலைக்கு சிமென்ட் தண்ணீர் பிடித்திருப்பார்கள். நான் காலிக் கேனை முதலில் மோந்து பார்க்க ஒரு ஆளையே வைத்திருந்தேன். அவருக்குச் சளி பிடித்தால் எனக்குக் கவலை!

உள்ளே கீறல் விழுந்த கேனை என்ன கழுவினாலும் கீறலுக்குள் பாசி உட்கார்ந்துகொள்ளும். நல்ல ஓனர் அதை உடைத்துப் போடுவார். புதுக் கேன் விலையை நினைத்தால் கை நடுங்கும், அதனால் எல்லோரும் உடைப்பதில்லை. அப்புறம் வெயில். கடை வாசலில் நாள் முழுக்க வெயிலில் அடுக்கி வைப்பார்கள். உங்களுக்கு வரும் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், லேசாகப் பச்சை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நம்பர் வேண்டுமென்றால்: லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும், நிரப்பிய தேதியும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். மூடி மேல் சுருங்கிய பிளாஸ்டிக் உறை மட்டும் போட்டுவிட்டு லேபிளே இல்லாமல் வந்தால் அது எங்கே நிரப்பியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மினரல்_மாமா | ஞாயிறு, பகல் 1:40

கேன் அண்ணனிடம் ஒரு சந்தேகம். எல்லோரும் "மினரல் வாட்டர்" என்கிறோமே, அதில் மினரல் இருக்கிறதா இல்லையா?

கேன்_அண்ணன் | ஞாயிறு, பகல் 2:05

நாங்கள் விற்றது மினரல் வாட்டரே இல்லை. சட்டப்படி அது "அடைக்கப்பட்ட குடிநீர்", தர எண் ஐஎஸ் 14543. மலை ஊற்றிலிருந்து எடுத்து, அதன் தாதுக்களை மாற்றாமல் அடைப்பதற்குத்தான் இயற்கை மினரல் வாட்டர் என்று பெயர், அதற்கு ஐஎஸ் 13428 என்று தனி விதி. அந்தப் பாட்டில் விலையைக் கேட்டால் நாம் தாகத்தையே மறந்துவிடுவோம். பஸ் ஸ்டாண்டில் எந்தக் கம்பெனித் தண்ணீருக்கும் "ஒரு பிஸ்லேரி குடுங்க" என்று கேட்கிறோமே, அது மாதிரி வாயில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் மினரல் வாட்டர்.

எல்லாம்_வியாபாரம் | ஞாயிறு, பகல் 2:20

ஐஎஸ்ஐ முத்திரையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே. நான் சொன்னது சரிதான்.

கேன்_அண்ணன் | ஞாயிறு, பகல் 2:50

பாதி சரி. முன்பு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் அந்த ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் குடிநீர் அடைத்து விற்கக் கூடாது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். கொஞ்ச நாளிலேயே எஃப்எஸ்எஸ்ஏஐ அடைக்கப்பட்ட குடிநீரை "அதிக ஆபத்துள்ள உணவு" வகையில் சேர்த்து, ஆய்வு, தணிக்கை என்று வேறு பக்கத்தில் இறுக்கியது. அதனால் சுத்தமாக அவிழ்த்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்துக்குப் பத்து ஷெட்டில் நிரப்புகிறவன் அன்றும் முத்திரை வாங்கவில்லை, இன்றும் வாங்கவில்லை.

2020 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? அனுமதி இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் பிளான்ட்களை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சீல் வைக்க ஆரம்பித்ததும் நாங்கள் ஸ்டிரைக் அடித்தோம். ஊரே கேனுக்கு அலைந்தது. அப்போதுதான் எத்தனை லட்சம் பேர் எங்களை நம்பி இருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால்.

பென்னாகரம்_82 | ஞாயிறு, மாலை 4:10

எல்லோரும் சென்னையையே பேசுகிறீர்கள். "கொதிக்க வைத்துக் குடி" என்று மாமியார் சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தாது, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், எப்படிப் போனாலும் 1.5 தாண்டக் கூடாது. என் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் யாரும் வாய் திறந்து சிரிக்க மாட்டோம். பல்லில் பழுப்புப் பட்டை. எங்கள் அப்பா தலைமுறையில் முட்டி மடக்க முடியாதவர்கள் தெருவுக்கு நாலு பேர். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியும் குறை சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கினார்கள். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர்தான் உலகத்திலேயே சிறந்த தண்ணீர். ஆனால் சில இடத்தில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆர்ஓ வைப்பதைப் பணக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

லேப்_அக்கா | ஞாயிறு, மாலை 5:35

பென்னாகரம் சொன்னது நூற்றுக்கு நூறு. கொதிக்க வைப்பது கிருமிக்கு, ஆர்ஓ உப்புக்கும் ஃபுளோரைடுக்கும். நோய் தெரியாமல் மருந்து வாங்குவது மாதிரிதான் நாம் தண்ணீர் மெஷின் வாங்குகிறோம்.

சரி, ஆர்ஓவைப் பற்றி. பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே, டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் இடத்தில் ஆர்ஓவைத் தடை செய்ய விதி கொண்டுவரச் சொன்னது. காரணம் வீணாகும் தண்ணீர். சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் விடும். நம் ஊரில் அதே 2019இல்தான் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த வருடமும் பாதி வீட்டில் ஆர்ஓ கழிவு நேராகச் சாக்கடைக்குத்தான் போனது.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். மெட்ரோ தண்ணீரில் வரும் குளோரின் வாடை உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் அதுதான் காவல்காரன். கடைசிக் குழாய் வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆர்ஓ மெஷினில் இருக்கும் கார்பன் அந்தக் குளோரினை எடுத்துவிடும். பிறகு ஏழெட்டு லிட்டர் தொட்டியில் தண்ணீர் காவல் இல்லாமல் நிற்கும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து அதே தொட்டித் தண்ணீரைக் குடிப்பவர்கள் எத்தனை பேர்! கேனிலும் இதே கதைதான். ஓசோன் கொஞ்ச நேரத்தில் போய்விடும், அப்புறம் அதற்கும் காவல் இல்லை. திறந்த கேனை மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

நீல_மூடி | ஞாயிறு, மாலை 6:00

ஆர்ஓ தண்ணீரால் மூட்டு வலி வருகிறது, சத்தெல்லாம் போய்விடுகிறது என்கிறார்களே மேடம்? எங்கள் வீட்டில் டிடிஎஸ் 25.

லேப்_அக்கா | ஞாயிறு, மாலை 6:12

கால்சியம் நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து வருகிறது. பால், கேழ்வரகு, கீரை, நெத்திலி சாப்பிடுகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது சின்ன பங்குதான். அதற்காக 25க்கு இறக்க வேண்டிய அவசியமும் இல்லை, சப்பென்று இருக்கும். மெஷினில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஆர்ஓ தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடும். ஆனால் பென்னாகரம் மாதிரி ஊரில் அந்தத் திருகைத் தொடாதீர்கள், எதற்கு மெஷின் வாங்கினீர்களோ அதையே திருப்பிக் கலக்கிவிடுவீர்கள்.

சிங்கை_நண்டு | ஞாயிறு, இரவு 7:45

சிங்கப்பூரில் பதினான்கு வருடம். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று 2003லிருந்து விடுகிறார்கள், பெரும்பாலும் தொழிற்சாலைக்கு, வறண்ட காலத்தில் நீர்த்தேக்கத்திலும் கலப்பார்கள். ஊரில் இதைச் சொன்னால் அம்மா முகத்தைச் சுளிப்பார். வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் சூப்பர்மார்க்கெட்டில் பாட்டில் தண்ணீர் அடுக்கு அடுக்காக விற்கிறது. நானே வாங்கியிருக்கிறேன், பயணத்தில். ஊருக்கு வந்து இறங்கினால் முதல் இரண்டு நாள் பாட்டில் தண்ணீர்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பனங்கிழங்கு | ஞாயிறு, இரவு 8:30

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்கு ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி நிற்கிற மழைத் தண்ணீர்தான், அதைக் கிணற்றில் அள்ளிக் குடிச்சு வளர்ந்தனாங்கள். தோட்டத்துக்குப் போட்ட உரம் கல்லுக்குள்ளால் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்திட்டுது. கைக்குழந்தைக்கு அது கூடாது. அதுவும் கொதிக்க வைச்சால் போகாது.

2014, 15இல் சுன்னாகம் பக்கம் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்தது. அதுவரைக்கும் போத்தல் தண்ணீர் வாங்குகிறவரை நாங்கள் பகிடி பண்ணுவோம். அதுக்குப் பிறகு அயலுக்குள் ஒருத்தரும் பகிடி பண்ணவில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தவை. அம்மா இன்னமும் கிணற்றடியிலேயே நிற்கிறா, "கிணத்துத் தண்ணி மாதிரி வருமே" எண்டு.

நீல_மூடி | ஞாயிறு, இரவு 9:05

யாரும் பிளாஸ்டிக்கைப் பேசவில்லையே. ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் லட்சக்கணக்கில் பிளாஸ்டிக் துகள் என்று படித்தேன்.

லேப்_அக்கா | ஞாயிறு, இரவு 9:40

2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் விற்கும் பாட்டில்களில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள், அதில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு. உடம்பில் அது என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, பயமுறுத்த நான் தயாராக இல்லை. அதில் என்னைக் கவர்ந்தது வேறு. பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் இருந்தது, அதைவிட அதிகமாகப் பாலிஅமைடு என்கிற நைலான் வகை இருந்தது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஃபில்டரிலிருந்தே அது வந்திருக்கலாம் என்கிறார்கள்.

எல்லாம்_வியாபாரம் | ஞாயிறு, இரவு 9:44

செம்புக் குடம்!!

லேப்_அக்கா | ஞாயிறு, இரவு 9:58

அண்ணா, செம்புக் குடத்தை நான் குறை சொல்லவே இல்லை. பெங்களூரில் சோதித்துப் பார்த்து 2012இல் கட்டுரையே வெளியிட்டார்கள். கிருமி கலந்த தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்ததும் அவை வளரவில்லை. காலையில் ஊற்றி மதியம் குடித்தால் ஆகாது, அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டும். ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் அது மருந்து இல்லை.

வேளச்சேரிவாசி, மாதிரி எடுக்கும் முறை. கிருமிப் பரிசோதனைக்கு லேபில் கொடுக்கும் பாட்டில்தான் வேண்டும், வீட்டில் கழுவிய பாட்டில் வேண்டாம். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. பாட்டிலுக்குள் கொஞ்சம் மருந்து இருக்கும், குளோரினை முறிக்க, அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். உலோகக் குழாயென்றால் வாயை ஸ்பிரிட் வைத்துச் சுட்டுவிட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். குழாய்த் தண்ணீரில் 100 மில்லியில் கோலிஃபார்ம், அதாவது அசுத்தம் கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் கிருமி, ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடைத்த தண்ணீருக்கு 250 மில்லியில் இருக்கக் கூடாது.

நான்கு இடத்தில் எடுங்கள். கேட் மெட்ரோ குழாய், சமையலறைக் குழாய், சீல் உடைத்தவுடன் கேனிலிருந்து நேராக, அப்புறம் நீங்கள் தினமும் எப்படிப் பிடித்துக் குடிக்கிறீர்களோ அப்படி. கேனை எதில் வைத்திருக்கிறீர்கள்?

வேளச்சேரிவாசி | ஞாயிறு, இரவு 10:10

பீங்கான் டிஸ்பென்சர் மேடம். கீழே குழாய் வைத்தது. கல்யாணத்துக்கு வந்த பரிசு.

பழைய_பிளம்பர் | திங்கள், காலை 6:15

சம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி, உங்கள் சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறதா, ஒரு அடி உயர்த்திக் கட்டியிருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வேளச்சேரியை முக்கியது. மழை வடிந்த பிறகு எத்தனை சம்பை இறைத்துத் தேய்த்துக் கழுவினார்கள்? நான் அந்த மாதம் இறங்கிய சம்புகளில் கண்டதைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் குளிக்கக்கூட மாட்டீர்கள். பக்கத்திலேயே சாக்கடைச் சேம்பர், நடுவில் ஒரு சுவர், சுவரில் முடி அகல விரிசல் போதும். சம்பில் தண்ணீர் இறங்கி நிற்கும் நேரத்தில் வெளியே இருப்பது உள்ளே வரும்.

மெட்ரோ குளோரின் போட்டு அனுப்புவது தெருக் குழாய் வரைக்கும்தான் கணக்கு. உங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் அது உங்கள் தண்ணீர்.

ஊட்டி_போனவள் | திங்கள், காலை 9:20

இடையில் ஒரு சின்ன விஷயம். நீலகிரியில் 2019லிருந்து ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. தெருவில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், நாணயம் போட்டு எவர்சில்வர் பாட்டிலில் பிடித்துக்கொண்டோம். சில ஏடிஎம் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கணவர் மூன்றாவது ஏடிஎம்மைத் தேடிப் போனவர் வர்க்கியோடு திரும்பி வந்தார்.

வேளச்சேரிவாசி | பதினேழு நாள் கழித்து, இரவு 9:30

நண்பர்களே, முடிவு வந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும், அசோசியேஷன் மீட்டிங் மூன்று நடந்தது.

கேட் மெட்ரோ குழாய்: கோலிஃபார்ம் இல்லை. குளோரின் 0.3.

சமையலறைக் குழாய்: கோலிஃபார்ம் உண்டு, குளோரின் சுத்தமாக இல்லை. பிளம்பர் அண்ணன் சொன்னதேதான். சம்பை இறைத்துப் பார்த்தோம், தெற்குச் சுவரில் விரிசல். ஐந்து வீட்டுக்காரர்கள் "குடிக்க யார் சம்ப் தண்ணியை எடுக்கிறா" என்று பணம் தர மறுத்தார்கள். அதில்தான் பல் தேய்க்கிறோம், கீரை கழுவுகிறோம் என்று மாமியார் மீட்டிங்கிலேயே எழுந்து சொன்னார். விரிசல் பூசியாகிவிட்டது. மூடியை உயர்த்தும் வேலை அடுத்த வாரம்.

சீல் உடைத்த கேன்: இல்லை. 250 மில்லியிலும் ஒன்றும் இல்லை.

டிஸ்பென்சர் குழாய்: உண்டு.

அதே கேன், அதே நாள், பத்து நிமிட இடைவெளி. நடுவில் இருந்தது எங்கள் கல்யாணப் பரிசு மட்டும்தான்.

கேன்_அண்ணன் | அதே இரவு, 9:41

தம்பி, வருத்தப்படாமல் ஒன்று சொல்லுங்கள். அந்தக் குழாயைக் கடைசியாக எப்போது கழற்றிக் கழுவினீர்கள்?

வேளச்சேரிவாசி | அதே இரவு, 9:50

அது கழறும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும் அண்ணா. எட்டு வருடம்.

லேப்_அக்கா | அதே இரவு, 10:05

வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னிடம் வரும் புகாரில் இந்த வகை நிறைய உண்டு. பையனுக்கு வந்தது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சமையலறைக் குழாயும் மோசமாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டையும் நிறுத்துங்கள்.

டிஸ்பென்சரைக் கழற்றி வெந்நீரும் பிரஷ்ஷும் வைத்துத் தேயுங்கள். உள்ளே வழவழப்பு போகும் வரை விடாதீர்கள். பிறகு கொதித்த நீர் ஊற்றிக் கவிழ்த்து முழுக்கக் காய விடுங்கள். குழாயின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு புதுக் கேனுக்கும் ஒரு கழுவல். கேனைக் கவிழ்க்கும் முன் அதன் கழுத்தையும் துடையுங்கள், வண்டியில் நான்கு பேர் கை பட்டு வருகிறது.

வேளச்சேரிவாசி | அதே இரவு, 10:22

செய்கிறேன். ஆர்ஓ வாங்கவில்லை. கேட் குழாயிலிருந்து காலையில் இரண்டு குடம், மாமியார் கொதிக்க வைக்கிறார். மாடிக்குத் தூக்குவது என் வேலை என்று தீர்ப்பு. மெட்ரோ வராத நாளுக்கும் விருந்தாளிக்கும் ஒரு கேன். மனைவிக்கும் திருப்தி, ஆளை மாற்றவில்லை.

கேன் போடும் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், "பரவாயில்லை சார், இந்தத் தெருவில் எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போதுதான் குழாயைக் கழற்றினேன். உள்ளே இருந்ததை இங்கே எழுதவில்லை, சிலர் சாப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள்.